கவிழ்த்து வைத்த பானைகள்

ஜெயரூபி குவைத்துக்குப் போனது இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். பெற்றோலுக்கு ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்த காலம். முச்சக்கரவண்டி எதுவும் ஓடவில்லை. அவள் கணவன் இராகுலன் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றி, பெட்டியைப் பின்னால் கட்டி, தம்பலகாமத்துப் பெருந்தெருச் சந்திவரை மிதித்தான்.

"நான் இல்லாமல் என்ன செய்வியள்? அடியில்லாத பானையோ அடுக்குவியள்?"

"அடியில்லாட்டி என்ன, தொப்பியெண்டு வித்துப்போடுவன்."

"ஓம், முதல் தொப்பி உங்கட தலைக்குத்தான்."

கொழும்பு பஸ் கண்ணில் பட்டதும் அவளுடைய சிரிப்பு நின்றுபோனது. "ரெண்டு வருஷம்தானே. வந்து ரெண்டு பேருமா இருந்து வேலை செய்வம்" என்றாள். அதற்காகத்தான் போனாள். மழையில் சூளைக் கொட்டில் விழுந்திருந்தது. அந்த வருஷம் பானை வாங்க ஆளில்லை. அங்கே வீட்டுவேலை செய்தால் கொட்டிலைத் திரும்பக் கட்டலாம் என்பது இருவருடைய கணக்கு.

அவர்கள் செய்த எந்தப் பானையையும் ஒருவர் தனியாகச் செய்ததில்லை. இராகுலன் சக்கரத்தில் கழுத்தும் தோளும் எடுத்துவிடுவான். அடி திறந்தபடி இருக்கும். அடுத்த நாள், மண் பாதி காய்ந்த பதத்தில், ஜெயரூபி அதை மடியில் வைத்து, உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பதினொரு வருஷம் அப்படித்தான். அந்தக் குயவர் தெருவில் ஒருவன் எடுத்த பானையை அவன் மனைவிதான் தட்டுவாள். வேறொரு பெண்ணைக் கேட்பது, என் வீட்டில் வந்து இரு என்று கேட்பதற்குச் சமம்.

அவள் போன பிறகு இராகுலன் தானே தட்டிப் பார்த்தான். பலகை மண்ணைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. பத்துப் பானை நாசமானதும் சக்கரத்தைச் சாக்கால் மூடிவிட்டு, நிலாவெளியில் ஒரு ஹோட்டல் தோட்ட வேலைக்குப் போனான்.

இதை அவளிடம் சொல்லவில்லை. வேலை நின்றது தெரிந்தால், ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்து ஓடி வந்துவிடுவாள். அவ்வளவு கஷ்டப்பட்டதும் வீணாகப் போய்விடும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் குவைத்திலிருந்து போன் எடுத்து, "வேலை நடக்குதோ?" என்று கேட்கும்போது, "ஓம், ஓம், நடக்குது" என்றான்.

இரண்டாம் வருஷத் தைப்பொங்கலுக்கு, "மண்ணைப் பார்த்துக் கனகாலம். ஒரு படம் அனுப்புங்கோ" என்றாள்.

இராகுலன் கந்தளாய்ச் சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு பானை வாங்கி வந்து, முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். உடனே அழைப்பு வந்தது.

"ஆர் தட்டினது?"

"வேற ஆர்? நான்தான். பழகீட்டன்."

"நீங்களோ?"

"ஓம். போட்டிக்கு ஆள் வந்திட்டுதெண்டு பயமோ?"

அவள் சிரிக்கவில்லை. "நல்லா வந்திருக்கு" என்றாள். "மேடம் கூப்பிடுறா. வைக்கிறன்."

அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. பிறகு அந்த இலக்கம் வேலையே செய்யவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த அவன் தமக்கை இரத்தினேஸ்வரிக்குப் படத்தைக் காட்டினான்.

"விசரா! இது பொம்பிளை தட்டின பானை. தட்டித் தட்டிக் கை பழகின பொம்பிளை. எனக்கே தெரியுது, அவளுக்குத் தெரியாதோ?"

"சந்தையில வாங்கினது அக்கா."

"அதை எனக்கேன் சொல்லுறாய்? அவளுக்குச் சொல்லு."

சொன்னான். குரலில் ஒன்று, எழுத்தில் ஒன்று, அழுதுகொண்டு இன்னொன்று. எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு சாம்பல் சரிக்குறிதான் நின்றது. திருகோணமலை நகரத்தில் அவளை அனுப்பிய ஏஜென்சிக்குப் போனான். "அவ சுகம், வீடு மாறீட்டா" என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஆனியில் அவள் வரவேண்டும். இராகுலன் வைகாசியிலேயே ஹோட்டல் வேலையை விட்டு, கொட்டிலுக்குக் கூரை போட்டு, குளத்து மண் வெட்டி ஊறவைத்தான். ஆனி போனது, ஆடியும் போனது. ஊறிய மண் காயக் காயத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் மாசியில், தெரியாத குவைத் இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது.

"நான் சுகம். இஞ்ச வேற வீட்டில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன். உங்களில கோவமில்லை. தனிய இருக்க ஏலாதுதானே. அவ நல்லாத் தட்டுறா, என்னைவிடத் திறம். நல்லா வைச்சிருங்கோ. இது கூட வேலை செய்யிற பிள்ளையின்ர போன். அவ நாளைக்கு ஊருக்குப் போறா, திருப்பி எடுக்காதேங்கோ."