ஆவுளியாவுக்குக் காவல்

கடற்கரைக் காவல் என்பது உட்கார விடாத வேலை. மணமேல்குடிப் பக்கம் கடல் பசுக் காப்பகத்தில் நான்கு வருடமாகக் காவலர் நான். கடல் பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அலைந்து பிழைக்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

டேப்பும் அடுப்படியும்

கரையைக் கடல் எவ்வளவு அரித்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை அளந்து எழுத வேண்டும். கரை மேட்டில் பாத்திமா அக்காவின் வீடு. அவர் வாசலிலிருந்துதான் கரை விளிம்பு வரை டேப்பை இழுப்பேன். ஒவ்வொரு வாரமும் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசி மழையில் அடுப்படி மண்ணோடு சரிந்தது. மறுநாள் போனபோது, அக்கா சட்டி பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"அளந்து அளந்து எழுதுறியே தம்பி, கடல்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்க."

அசையாத ஓவியம்

அன்னவாசலிலிருந்து ஒரு குடும்பம் ஆவுளியா பார்க்க வந்தது. அது மூச்சு விட மூக்கை மட்டும் நீட்டும். கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். இரண்டு மணி நேரம் "அந்தா, அந்தா" என்று அங்கிட்டும் இங்கிட்டும் கை காட்டியே ஓய்ந்துபோனேன். வந்தவர்களில் பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எங்க ஊருக்கு வாங்க தம்பி, குகையில வரைஞ்சது ஆயிரம் வருசமா எடத்த விட்டு அசையல."

நாற்பது நிமிடம்

ஒருநாள் காலையில், மீன்பிடிக்கப் போயிருந்த காசிம் பாய் நடுக்கடலிலிருந்து போன் செய்தார். புது வலையில் ஆவுளியா சிக்கிவிட்டது, பக்கத்திலேயே குட்டி சுற்றுகிறது. "இந்தா வாரேன், அப்படியே இருங்க" என்று ஓடினேன். படகு இன்ஜின் மூன்றாவது இழுப்பில்தான் பிடித்தது. போகிற வழியெல்லாம் படகில் உட்காரவே முடியவில்லை. செத்துப்போனதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

போய்ச் சேர நாற்பது நிமிடம். பாய் மடியில் அறுத்த வலையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ரத்தம். தூரத்தில் பெரிசும் சின்னதுமாக இரண்டு மூக்குகள் எழும்பி முழுகின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னேனே பாய்?" என்றேன்.

"நான் இருப்பேன் தம்பி. அது எம்புட்டு நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கும்?"

நான்கு வருடத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காக்கிச் சட்டை எனக்கு, காப்பாற்றுகிற வேலை வேறு யாருக்கோ.