வடிகால் பக்கத்துக் குரல்

வினிஃப்ரெட் டக்ஸ்ஃபோர்டுக்குக் கதை கட்டத் தெரியாது. எங்கள் ஊர் சால்ட்டர்பியின் தபால் நிலையத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். யாரைப் பற்றியும் ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை. இது அவளே என் சமையலறையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னது. நடந்தது 1974 நவம்பர் 16, சனிக்கிழமை.

அப்போது அவள் எங்கள் தேவாலயத்தின் பழைய திருமணப் பதிவேடுகளை நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துப் பெண்கள் எந்தப் பண்ணையிலிருந்து, எந்த வழியாக நடந்து வந்து மணமுடித்தார்கள் என்று ஒரு வரைபடம் போட ஆசை. சாவி வைத்திருந்த கிழவர் சிரில் பிளேட்ஸ் பின்னறையைத் திறந்துவிட்டார்.

"நாலு மணிக்கு வந்து பூட்டறேன் வினி. செத்த மாப்பிள்ளைங்க இத்தனை பேரோட தனியா இருக்கே. ஊர்ல பேர் கெட்டுடும்!"

"என் வயசுக்கு அவங்கதான் சரி. நீங்க கிளம்புங்க."

மணி இரண்டரை. மூடுபனி ஜன்னல் கண்ணாடியை ஒட்டி நின்றது.

1768 டிசம்பர் 3 என்ற பதிவில் அவள் கை நின்றது. மாப்பிள்ளை தாமஸ் ரேத்பி. பெண் சூசன்னா மாட்லி, சதுப்போரப் பண்ணை. எழுதத் தெரியாத தாமஸ் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருந்தான். பெண்ணின் இடம் காலி. பாதிரியாரின் கையெழுத்தும் இல்லை.

3:20. வெளியே ஒரு குரல்.

"யாராவது இருக்கீங்களா...? வழி தெரியல..."

இளம்பெண்ணின் குரல். நடுங்கியது. வினிஃப்ரெட் ஜன்னலைத் திறந்தாள். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"இங்கேதான் தேவாலயம்! என் குரலைப் பிடிச்சுக்கிட்டு வாம்மா!"

"தாமஸ் இருக்காரா?"

அவள் கண் பதிவேட்டுக்குப் போனது. ஊரில் தாமஸ்களுக்கா பஞ்சம் என்று தேற்றிக்கொண்டாள்.

"இங்கே நான் மட்டும்தான்."



"அப்போ எனக்காக நீங்க காத்திருப்பீங்களா?"

"இருக்கேன். வாம்மா."

சளக்... சளக்... சளக்...

காலடிகள் நிதானமாக, நேராக வந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது கிழக்குப் பக்கம். அங்கே பாதை கிடையாது. கல்லறைத் தோட்டச் சுவரைத் தாண்டினால் சதுப்பு நீரை வடிக்கும் பெரிய வடிகால். இரண்டு ஆள் ஆழம்.

தண்ணீர் மேல் யார் நடக்கிறார்கள்?

ஜன்னலை அறைந்து சாத்தினாள். காலடி சுவரோரம் வந்து நின்றது.

பிறகு... உள்ளே கேட்டது. கல்தரையில். தேவாலயத்தின் பெரிய கதவு திறந்தால் ஊளையிடும். அது ஊளையிடவே இல்லை.

3:31. பின்னறைக் கதவின் முன்னால்.

முதுகால் கதவை அழுத்திக்கொண்டாள். சேற்று வாடை. சாவித் துவாரத்தில் மூச்சுக்காற்று.

"என் குரலைப் பிடிச்சுக்கிட்டு வாம்மா..."

இப்போது அது அந்தப் பெண்ணின் குரல் இல்லை.

வினிஃப்ரெட்டின் குரல்.

"வாம்மா... இருக்கேன்... வாம்மா..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.  

3:38. சத்தம் நின்றது.

3:50. பெரிய கதவு ஊளையிட்டது.

"வினி! உள்ளேயா இருக்கே?"

சிரில். இடுப்பு வரை நனைந்திருந்தார். முகம் சுண்ணாம்பு.

"வடிகால் பக்கத்துலேர்ந்து நீதானே கூப்பிட்டே? உன் குரல்தானேன்னு போனேன். இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா முடிஞ்சிருப்பேன்!"

அவளால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. இல்லை... இல்லை...

சிரில் பதிவேட்டைப் பார்த்தார். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். மெல்ல மூடினார்.

"சூசன்னா. கல்யாணத்தன்னைக்கு மூடுபனியில வழி தப்பிட்டாளாம். இங்கே குறி போட்டுட்டுக் காத்திருந்த தாமஸ், அவ குரல் கேட்டு ஓடியிருக்கான். வடிகால்ல பிணமாத்தான் எடுத்தாங்க. அவ கிடைக்கவே இல்லையாம். பாவம், இன்னும் அலையறா."

வினிஃப்ரெட்டும் அப்படித்தான் நம்பினாள். இரண்டு மாதம் அந்தப் பெண்ணுக்காகப் பிரார்த்தனைகூடச் செய்தாள்.

ஜனவரியில், ஒன்பது மைல் தள்ளியிருக்கும் ஹாக்தோர்ன் தேவாலயத்தின் பதிவேட்டைப் புரட்டினாள். 1768 டிசம்பர் 3. சூசன்னா மாட்லி, சதுப்போரப் பண்ணை. வேறொருவனோடு திருமணம். பெண்ணின் குறி, பாதிரியார் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. அங்கேயே ஆறு பிள்ளைகள் பெற்று, எழுபத்தொரு வயதில் படுக்கையில் இறந்திருக்கிறாள்.

அன்று அவள் சால்ட்டர்பி பக்கம் கிளம்பவே இல்லை. அப்படியானால் அவள் குரலில் தாமஸைக் கூப்பிட்டது எது?