பயம் என்று நினைத்த நடுக்கம்

நான் மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியை. ஆப்பிரிக்க நாடு ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்ற என்னையும், சைதாப்பேட்டையில் தையல் வகுப்பு நடத்திய கலைச்செல்வியையும் ஒரு தொண்டு நிறுவனம் தேர்ந்தெடுத்தது. அடையாறில் ஒரு மாதம், அங்கே போய் மூன்று வாரம் எனப் பயிற்சி முழுவதும் ஒரே அறையில் தங்கினோம்.

உறுதிமொழி எடுத்து அடையாள அட்டை வாங்கிய அன்றே ஆளுக்கொரு ஊருக்குப் பிரிய வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வந்த எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். கலை நடுங்கினாள்.

"ஒரு மாதிரியா கீதுக்கா. தலை வேற வலிக்குது" என்றாள்.

"பயம்டி. தனியாப் போறோம்ல? ரெண்டு நாள்ல சரியாயிடும். சிரி, போட்டோ எடுக்கறாங்க" என்றேன்.

சிரித்தாள். அணைத்தபோது அவள் உடம்பு சுட்டது. அழுததால் வந்த சூடு என்று நினைத்து ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.

அவள் போன மலைக் கிராமத்தில் சிக்னல் கிடையாது. ஆறாம் நாள்தான் செய்தி வந்தது. மலேரியா மூளையைத் தாக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

பணியைப் பாதியில் விட்டுத் திரும்பினேன். "கடைசியா உங்கிட்ட இன்னாம்மா சொல்லிச்சு எம்பொண்ணு?" என்று கேட்டார் அவள் அம்மா.

"சிரிச்சுக்கிட்டேதான் போனா" என்றேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது வகுப்பில் எந்தப் பிள்ளையாவது சோர்ந்து உட்கார்ந்தால், காரணத்தை நானே முடிவு செய்வதில்லை. தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால் அப்போதே டாக்டரிடம் அனுப்புகிறேன். கலையின் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.