குளிர்ந்த நீருக்குப் பூஜ்யம்

இங்கிலாந்தின் இந்த ஊரில் வெயில் அடித்தால், பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் சந்தோஷம் சொல்லிக்கொள்கிறார்கள். செஞ்சியில் பிறந்த எனக்கு, பத்து வருஷமாகியும் இது பழகவில்லை. வெயிலுக்கு வாழ்த்தா என்று சிரித்துக்கொள்வேன். போன வாரத்தோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

என் மகள் நஸ்ரினுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் ஒரு கதைப்பகுதி கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் கோடையில் வெகுதூரம் நடந்து வீடு வந்த கணவனிடம் மனைவி பேசுகிறாள். அவள் பேச்சு அவன்மேல் குளிர்ந்த நீராய் விழுந்தது என்று முடிகிறது. இதற்கு என்ன பொருள் என்பது கேள்வி. களைத்து வந்தவனுக்கு அவள் பேச்சில் உயிர் வந்தது என்று காரணத்தோடு அரைப்பக்கம் எழுதியிருந்தாள் நஸ்ரின். பூஜ்யம். அவன் உற்சாகத்தை அவள் கெடுத்துவிட்டாள் என்பதுதான் விடையாம். உவமை புரியாத பிள்ளை, மறுதேர்விலும் இப்படி எழுதினால் கீழ்ப்பிரிவுக்கு மாற்றுவோம் என்று கடிதம் வேறு.

அந்தப் பதிலை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். போன மே மாதம் செஞ்சிக்குப் போயிருந்தபோது, ராஜகிரிக் கோட்டையிலிருந்து உச்சி வெயிலில் இறங்கி, பஜார் பக்கம் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் நஸ்ரினை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, கருவாடு மாதிரி வந்து நிக்கிற. மொதல்ல கால்ல தண்ணி ஊத்து."

"மாமி, மேல பீரங்கி பாத்தேன்..."

"பீரங்கி எங்கியும் ஓடிடாது. குடிச்சிட்டுப் பேசு."

எங்கள் பக்கம் அப்படித்தான். வெயிலில் வந்தவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எந்தச் சேதியும் கேட்கமாட்டோம், சாவுச் சேதியானாலும். மனசு குளிர்ந்துபோச்சு என்று நாங்கள் சொல்வது அந்தச் சொம்பை நினைத்துத்தான்.

நான் பத்தாவதோடு நின்றவள். வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துப் பெரியவர்களிடம் பேசிப் பேசியே ஆங்கிலம் கற்றேன். அதை வைத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனேன். எங்கள் வீட்டில் குளிர்ந்த நீர்தான் மரியாதை, வருகிற எல்லோருக்கும் அதைத்தான் கொடுப்போம் என்றேன். அவர் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லையா?" என்று கேட்டார். அரசாங்க உதவிக்கான படிவம் ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

இப்போது சொல்லுங்கள், யாருக்கு உவமை புரியவில்லை? இது இந்த ஊர்க் கதை, இங்கே வழக்கம் வேறு என்று விளக்கிப் பாதி மார்க் போட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். தங்கள் குளிரில் விளைந்த அர்த்தம் ஒன்றுதான் அர்த்தம் என்று வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கண்டவளுக்கு அறிவில்லை என்று எழுத இவர்கள் யார்?

மறுதேர்வு திங்கட்கிழமை. தோழிகளை விட்டுக் கீழே போக நஸ்ரினுக்கு மனமில்லை. "சண்டை வேணாம்மா. அவங்க கேக்குறதையே எழுதிடறேன். நீ கேளு" என்று ஒரு பட்டியலை என்னிடம் கொடுத்தாள். கேட்டேன். குளிர்ந்த பார்வை? வெறுப்பு. குளிர்ந்த வரவேற்பு? அவமதிப்பு. குளிர்ந்த மனம்? இரக்கமின்மை. தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் சரி என்று டிக் போட்டது என் கைதான். தப்பு, தப்பு என்று உள்ளே முனகிக்கொண்டிருந்தவளும் நான்தான்.