நாயாற்றில் கவிழ்த்து வைத்த உரல்கள்

காலை 6.10. கிளிநொச்சியில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். பையில், முன்னொரு காலத்தில் வன்னியில் கடமையாற்றிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து இரண்டு பக்க நகல் இருந்தது. நாயாற்றுக் கரையில் வாழ்ந்தவர்களை நிலையற்ற சனங்கள் என்கிறார் அவர். மாரி தொடங்கியதும் உரல்களைக் கவிழ்த்துவிட்டு வீடுகளை விட்டுப் போய்விடுகிறார்களாம். எந்த ஆணைக்கும் கட்டுப்படுவதில்லையாம். அரசாங்கத்தின் கட்டாய வேலைக்குப் பயந்து ஓடியவர்கள் என்று நான் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தேன். அடுத்த கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கரையை ஒருமுறை பார்க்க ஆசை.

காலை 8.40. முல்லைத்தீவில் பால் விடாத பிளேன்ரீ குடித்து, நாயாற்றுக்கு ஓட்டோ பிடித்தேன். பழைய காலத்து ஆட்களைப் பற்றி அறிய வந்திருக்கிறேன் என்றதும், சாரதி விசாரணை எதுவுமின்றிப் புவனா அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பரம்பரையாக அங்கேயே கடற்றொழில் செய்யும் குடும்பம்.

அக்கா கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தா. கதிரை தந்து, நகலை வாசிக்கச் சொன்னா. தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டவ, உரல் வந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டு, அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டா.

“கவிட்டு வைச்சவையோ?”

“ஓம் அக்கா.”

“மழைத்தண்ணி நிண்டு உரல் பழுதாகக் கூடாதெண்டுதானே கவிட்டு வைக்கிறது. திரும்பி வாற ஆக்கள்தான் அப்பிடிச் செய்வினம். சண்டைக்கு நாங்கள் ஓடேக்கை, பிள்ளை, அடுப்பிலை சோறு கொதிச்சுக்கொண்டு கிடந்தது. அதைக்கூட இறக்கேல்லை.”

மாரியில் வாடைக் காற்றுக்குக் கடலில் இறங்க முடியாது. அந்த நேரம் அக்காவுடைய அம்மாவின் ஆட்கள் தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கம் சொந்தக்காரரிடம் போய் வயல் விதைப்பில் நிற்பார்களாம். கடல் அடங்கியதும் வந்துவிடுவார்களாம். நாட்குறிப்பில் வருபவர்களும் அப்படித்தானா என்று கேட்டேன்.

“அதை நான் எப்பிடிச் சொல்லுறது? நான் அப்ப இருக்கேல்லையே” என்று சிரித்தா.

மதியம் திரளி மீன் குழம்போடு சோறு தந்தா. போதும் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

பிற்பகல் 3.15. திரும்பும் பஸ்ஸுக்கு நின்றபடியே பேராசிரியருக்கு அழைத்து, இன்னும் ஒரு மாதம் கேட்டேன். பஸ்ஸில் அந்த அத்தியாயத்தை எடுத்து, ‘ஓடினார்கள்’ என்று எழுதிய இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். அக்கராயனில் எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். யாரோ வீட்டை விட்டுப் போனார்கள் என்று எங்கே வாசித்தாலும் அந்த நாள்தான் எனக்குள் வந்து நிற்கிறது.

அதிகாரி அவர்களை நிலையற்றவர்கள் என்றார். நான் பயந்தவர்கள் என்றேன். அவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள் என்று இருவருமே கேட்கவில்லை.