உப்பா, மலையா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கூடும் நம் அலைவரிசையில் தண்டபாணி சார் வழக்கம்போல ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே வந்தார். விமலா அக்காவின் முறை வந்ததும் நிறுத்தினார். "மேடம் நேத்து சாயந்திரம் தவறிட்டாங்க" என்றார். நம்மில் ஒருவர் மறைந்தால் அவருடைய தந்தி விசை அடங்கிவிட்டது என்று அறிவிப்பது வழக்கம். அன்று அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் வீடு. பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயதில் அவர் மூத்தவர், ரேடியோ உரிமம் வாங்கியதில் நான். அதனால் என்னை "சீனியர்" என்றே கூப்பிடுவார். வீட்டில் ஒரு சிறு விளக்குக்கு ஆகும் மின்சாரத்தில் ஓடும் கருவியை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவோடு பேச வேண்டும் என்பது அவர் ஆசை. மாடியில் நின்று அந்தத் திசையைப் பார்த்தால் மலைதான் நிற்கும். "ஊர்ல எல்லாரும் சுத்திட்டுப் போயிடுறாங்க. என் சிக்னலுக்குத்தான் சுத்தத் தெரியல" என்பார்.

கடற்கரையில் நட்ட ஆண்டெனா வெகுதூரம் பேசும் என்று எங்கோ படித்தார். அடுத்த வாரமே கல் உப்பு மூட்டை வாங்கிக் கரைத்துத் தோட்டத்துக் கம்பத்தின் அடியில் ஊற்றினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சரோஜா அக்கா, "இன்னா டீச்சர், கருவாடு போடப் போறீங்களா?" என்று கேட்டார். சில நாளில் சரோஜா அக்காவின் கனகாம்பரச் செடிகள் கருகின. "பூவும் போச்சு, ஆஸ்திரேலியாவும் வரல" என்று அவர் சண்டைக்கு வந்தபோது, விமலா அக்கா சிரித்தபடியே புதுச் செடி வாங்க நர்சரிக்குக் கிளம்பினார்.

ஏன் பலிக்கவில்லை என்று பிறகு நாங்கள் இருவரும் படித்துப் பார்த்தோம். நிமிர்ந்து நிற்கும் கம்பியிலிருந்து தாழ்வாகக் கிளம்பும் அலை, வெகுதூரம் தள்ளித்தான் தரையில் பட்டு எழும்புகிறது. காய்ந்த மண் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். உப்பு நீர் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். கம்பத்தின் காலடியை மட்டும் நனைத்து என்ன பயன்? "கடலை இங்க கொண்டாந்து ஊத்த முடியாது. நாமதான் போவணும்" என்றார் அக்கா.

போனோம். மரக்காணம் பேருந்தில் எங்கள் நீண்ட கழியைப் பார்த்த கண்டக்டர், "கொடிக்கம்பத்துக்கும் டிக்கெட் போட்டுடவாம்மா?" என்றார். அலை வந்து தொடும் இடத்தில் கழியை நட்டு, கம்பியை நிமிர்த்திக் கட்டினோம். மாலை வெயில் தாழ்ந்ததும் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். அக்காவுக்கு, ரேடியோவில் பெயராகச் சொல்லும் தன் அழைப்புக் குறியே ஒரு நொடி மறந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு அலைவரிசையில் இதைச் சொன்னபோது நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "மேடம், உப்பு ஒண்ணும் பண்ணல. அங்க மலை இல்ல, அவ்ளோதான்" என்றார் தண்டபாணி சார். எல்லோரும் சிரித்தோம். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரலில் இருந்தது உற்சாகம். "அட, ஆமா சார்! அப்போ மலையும் இல்லாம, கடலும் இல்லாம ஒரு எடத்துல வச்சுப் பாக்கணும். அப்புறம் ஆளையும் கருவியையும் மாத்தி வச்சுப் பாக்கணும். இல்லன்னா நம்ம ஆசைதான் பதில் சொல்லும்."

நாள் குறிப்பதற்குள் நோய் முந்திக்கொண்டது. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது உடம்பைப் பற்றிக் கேட்டேன். "அதை டாக்டர் பாத்துப்பாரு. உப்பா, மலையான்னு நீ பாத்துச் சொல்லு சீனியர். தெரியாமப் போவ மனசு வரல" என்றார்.

போன சனிக்கிழமை நானும் தண்டபாணி சாரும் கிளம்பினோம். அவர் திண்டிவனம் தாண்டி ஒரு வெட்டவெளி வயலில் நின்றார். நான் மரக்காணம் கரையில். ஒரே அளவுக் கழி, ஒரே அளவு மின்சாரம். அதே ஆஸ்திரேலியக்காரருக்கு என் குரல் தெளிவாகக் கேட்டது. சாருடையது இரைச்சலில் மூழ்கி மூழ்கி எழுந்தது. அன்றே அவரவர் கருவியோடு இடம் மாறினோம். இப்போது கரையில் நின்ற சாரின் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வயலிலிருந்து நான் என் அழைப்புக் குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

சார் கரையிலிருந்து போனில் கூப்பிட்டார். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "உப்புதாம்மா. ஒத்துக்கறேன். மேடம் இருந்திருந்தா என்னை இன்னா பாடு படுத்தியிருப்பாங்க" என்றார்.

படுத்தியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். "ஒரு நாள்தானே சார் பாத்திருக்கோம். இன்னொரு நாளும் பாத்துடலாம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அது அக்காவின் பேச்சு. ஆசைப்பட்ட பதில் கிடைத்த பிறகும் மறுபடி கேட்டுப் பார்க்கிற அந்தக் குணத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். கழியில் படிந்த உப்பை, அவர் செய்வதுபோல, நல்ல தண்ணீரில் துடைத்துக் கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.