அமிர்தவல்லியின் மூன்று மொட்டைகள்

அமிர்தவல்லிக்கு முடி மேல் அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. கல்யாணத்தன்று சவுரி வைத்துப் பின்னியதோடு சரி. மற்ற நாளெல்லாம் ஒரு கொண்டை, ஒரு ரப்பர் பேண்ட். உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற அந்த ஊரில், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களில் சத்தமாகப் பேசுகிறவள், சட்டென்று அழுதுவிடுகிறவள் என்றுதான் அவளைத் தெரியும். அவளுடைய தலை ஊருக்கே காலண்டராக ஆனது 2019 டிசம்பரில்.

அந்த மாதம் உள்ளாட்சித் தேர்தல். ஊராட்சித் தலைவர் பதவி அந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கு என்றால் யாருடைய பெண்டாட்டிக்கு, யாருடைய மருமகளுக்கு என்றுதான் நம் ஊர்களில் பொருள். பழைய தலைவர் தன் மருமகளை நிறுத்தினார். எதிர்த்து மனு போட்டவள் கீழத்தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் கண்ணகி. கீழத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஊர்த் தொட்டித் தண்ணீர் மாரியம்மன் கோயிலோடு நின்றுவிடும். அதற்குக் கிழக்கே இருக்கிற எழுபது வீட்டுப் பெண்களும் ஒரு கிலோமீட்டர் நடந்து பம்புசெட்டில் பிடித்து வரவேண்டும். கண்ணகி நின்றது அதற்காகத்தான். அவளுக்குக் கட்சி இல்லை, கார் இல்லை. இருந்ததெல்லாம் நூறு நாள் வேலைப் பெண்கள் முப்பது பேரும், அவர்களுக்குத் தலைமையாக அமிர்தவல்லியும்.

கண்ணகி முன்பு ஒரு தடவை வார்டு தேர்தலுக்கு மனு போட்டு, ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் தள்ளுபடி ஆகியிருந்தது. அந்தப் பயத்தில் அமிர்தவல்லி யாரிடமும் கேட்காமல் ஒரு வேண்டுதல் வைத்தாள். மனு தப்பிவிட்டால் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முடி காணிக்கை. மனு தப்பியது. சாமி கடனைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை அவள். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், தலையை மழித்து, சந்தனம் பூசிக்கொண்டு ஊர் திரும்பினாள். இரண்டு நாள் கழித்துச் சின்னம் ஒதுக்கினார்கள்.

கண்ணகிக்குச் சீப்பு.

ஊரே சிரித்தது. கண்ணகியின் கொழுந்தன், "அந்த மொட்டைய ஊட்டுலயே இருக்கச் சொல்லுங்க அண்ணி. ஓட்டு கேக்கப் போற எடத்துல மானம் போவுது," என்றான். அமிர்தவல்லி அன்று மாலை ஓட்டுக் கேட்க வரவில்லை. வீட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் செல்லதுரை சாப்பிடக் கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தன்னால் கண்ணகி தோற்றுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

கண்ணகியே தேடி வந்தாள். கூடவே பெரம்பலூரில் நர்சிங் படிக்கும் மகள் நந்தினி.

"அக்கா, முந்தானைய எடு," என்றாள் கண்ணகி. "இந்தா சீப்பு. தலை மேல வச்சுக்க. நந்தினி போட்டோ எடுக்கட்டும்."

"என்னடி வெளயாடுறியா?"

"அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நம்ம சிரிச்சிருவோம்க்கா."

மொட்டைத் தலையும், அதன் மேல் ஒரு மஞ்சள் சீப்பும், கோபமும் சிரிப்பும் கலந்த ஒரு முகமும். அந்தப் படம் விடிவதற்குள் ஊர் வாட்ஸ்அப் முழுக்கப் போய்விட்டது. துபாயில் இருந்த கீழத்தெருப் பையன்களே அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, "இவங்களுக்குப் போடுங்க" என்றார்கள். எதிராளி ஜெயங்கொண்டத்தில் அடித்த பிளக்ஸ் பதினாறு. அதில் யார் முகம் இருந்தது என்று இன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. இந்த மொட்டை எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

மார்கழி மாதம் வேறு. முப்பது பெண்களும் விடியலில் தெருத் தெருவாகப் போய், வீட்டுக்காரியைக் கேட்டு, வாசலில் சீப்புக் கோலம் போட்டார்கள். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டபடியே ஓட்டுக் கேட்டார்கள். பேன் பார்த்துக் கொடுத்ததும் உண்டு. மற்ற வேட்பாளர்கள் கைகூப்பிவிட்டுப் போனார்கள். இவர்கள் உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள்.

வினை கடைசிக் கூட்டத்தில் வந்தது. கீழத்தெரு முனையில் கண்ணகி கையில் மைக்கோடு நின்றாள். எதிர்த் தரப்பு ஆள் சாமிதுரை டீக்கடை பெஞ்சிலிருந்து, "சீப்பு எதுக்கு, மொட்டைக்கா?" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. கண்ணகிக்குச் சூடேறிவிட்டது.

"ஆமாங்க, மொட்டைக்குத்தான்! எங்க அமிர்தவல்லி அக்கா தலையில சீப்பு நிக்கிற அளவு முடி வளர்றதுக்குள்ள இந்தத் தெருவுல குழாயில தண்ணி வரும். வரலேன்னா நான் மொட்ட போட்டுக்கிறேன்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. கண்ணகிக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அந்த ஊரில் அது பேர்போனது. அவள் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாள்.

தலைமுடி மூன்று மாதத்தில் சீப்பைத் தாங்கும். ஒரு தொட்டிக்கு எஸ்டிமேட் போட்டு, கையெழுத்து வாங்கி, டெண்டர் விட்டு முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று மைக்கைப் பிடிக்கும்போது கண்ணகிக்குத் தெரியாது. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் கிடந்ததால் அமிர்தவல்லியின் தலையை யாரும் பார்க்கவில்லை. வேலை திரும்பத் தொடங்கியபோது அவள் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தாள். வெயிலுக்கு எல்லோரும் கட்டுவதுதானே! ஆனால் சாமிதுரை ஒருநாள் எல்லோர் முன்னாலும், "அந்தத் துண்ட எடு அமிர்தம், எவ்வளவு வளந்துருக்குன்னு பாப்போம்," என்றான்.

கோயில் திறந்ததும் அமிர்தவல்லி போய் இரண்டாம் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கேட்டவர்களிடம், "கொரோனா வராம இருந்தா போடுறேன்னு வேண்டியிருந்தேன்," என்றாள். பொய் சொல்லும்போது அவள் குரல் இன்னும் பெரிதாகிவிடும். செல்லதுரை மட்டும், "அவ குடுத்த வாக்குக்கு உன் தல என்னா அடமானமா?" என்று கேட்டான்.

அடுத்த வருஷம் கீழத்தெருவில் அறுநூறு அடிக்குப் போர் போட்டார்கள். தண்ணீர் இல்லை, புழுதிப் புகைதான் வந்தது. கண்ணகி நாலு நாள் வெளியே வரவில்லை. அமிர்தவல்லியின் முடி காதைத் தொட்டிருந்தது. மூன்றாம் மொட்டைக்கு அவள் சொன்ன காரணம், செல்லதுரையின் முழங்கால் வலி. இப்போது யாரும் காரணம் கேட்கவே இல்லை. தெருவே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. "தலைவருக்கு இன்னும் ஆறு மாசம் தள்ளியாச்சு," என்று பம்புசெட்டில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. அந்த இரண்டு தடவையும் கண்ணகி அவளைப் பார்த்தாள், பேசினாள், டீ வாங்கிக் கொடுத்தாள். தலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2022 ஆடியில் முடி மறுபடி வளர்ந்து நின்றது. புதுப் போரில் தண்ணீர் கிடைத்திருந்தது; தொட்டிக்கும் உத்தரவு வந்திருந்தது. ஆனால் வேலை தொடங்கவில்லை. அமிர்தவல்லி காலை பஸ்ஸில் ஏறினாள். கண்ணகி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி போற?"

"நீ எங்க போறியோ அங்கதான்க்கா. உக்காரு."

அரியலூரில் பஸ் மாறினார்கள். கல்லங்குறிச்சியில் அமிர்தவல்லி பழக்க தோஷத்தில் நேராகப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். கண்ணகி அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார்ந்தாள். "எனக்குப் போடுங்கண்ணே," என்றாள்.

முடி நனைந்து, இரண்டு பக்கமும் முடிச்சாகி, பிளேடு பட்டுக் கீழே விழுந்தது. அமிர்தவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கோபம் வந்தது. "என் மொட்ட ரெண்டும் வீணாப் போச்சேடி! இதுக்கா நான் ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்?"

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். உடையார்பாளையம் வரப்போகிறபோது கண்ணகி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா. நீ ரெண்டாவது தடவ போட்டப்பவே தெரியும். வேண்டாம்னு சொல்லணும்னுதான் உன் வூட்டுக்கு வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டு, சொல்லாம போயிட்டேன்."

"ஏன்?"

"எனக்கு நாள் வேணும்னு இருந்துச்சு. உன் தலைதான குடுத்துச்சு. மூணாவது தடவயும் தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

அமிர்தவல்லி அவளையே பார்த்தாள். சாமிதுரை சிரித்தபோதும் கொழுந்தன் பேசியபோதும் இப்படி வலிக்கவில்லை. எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. பஸ்ஸில் இடம்கூட இருந்தது.

ஆடிக் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. கண்ணகியின் புது மொட்டையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தோள் இரண்டும் குறுகியிருந்தன.

அமிர்தவல்லி தன் முந்தானையை இழுத்து அந்தத் தலையைச் சுற்றி இறுக்கமாக மூடிவிட்டாள்.

"காத்து படாம வச்சுக்க," என்றாள். "மொத மொட்டைக்குச் சளி புடிக்கும்."